பீம் செயலியும் பீமின் மக்களும்

பௌர்ணமி இரவில் எங்கள் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள் தோழர்களே. சாமி கும்பிடுவது உங்கள் விருப்பம். கடைகளைக் கவனியுங்கள். 14 கிலோமீட்டர் சுற்றில் பாதிக்கு மேல் கடை என்று சொல்லவே முடியாத கடைகள். தார்ப்பாய் விரிப்பு, தள்ளுவண்டி, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி. சுண்டல், மூலிகை சூப், கரும்புச் சாறு, கற்பூரம், ருத்ராட்சம், பொம்மை. எதை விற்றாலும் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை தொங்குகிறது. காசு விழுந்ததும் சின்னப் பெட்டி ஒன்று தமிழில் தொகையைச் சொல்கிறது.

அந்தப் பாதையில் கற்பூரமும் அகல் விளக்கும் விற்கும் ஒரு அக்காவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். எங்கள் பக்கத்துக் காலனிக்காரர். "எல்லாரும் போன்லதான் போடுறாங்க தம்பி. காசு பையன் கணக்குல விழுது. அவன் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனில இருக்கான். காலைல தண்டல்காரன் வந்து நின்னா கைக்காசு கேக்குறான். நான் எங்க போறது?" என்றார்.

அட்டை அவருடைய கடையில் இருக்கிறது. கணக்கு மகன் பெயரில் இருக்கிறது. அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் காகிதம் எதுவும் இல்லை. சரக்கு எடுக்க முதல், தண்டல் கடன். அரசின் கணக்கில் இந்தக் கடை 'டிஜிட்டல் ஆகிவிட்ட' கடை.

சிறுவணிகர்களை டிஜிட்டல் ஆக்குவோம் என்று அரசுகள் சொல்லத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பத்து ஆண்டுகளின் வரலாற்றை நம் பக்கத்திலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். என் வாதம் இதுதான்: வணிகம் செய்ய ஒருவருக்கு மூன்று வேண்டும். உட்கார ஓர் இடம், போட ஒரு முதல், வாங்க ஒரு வழி. சாதி நம்மிடமிருந்து பறித்தது முதல் இரண்டையும். அரசு விரைந்து கொடுத்தது மூன்றாவதை மட்டும். அதையே முழு விடுதலை என்று எண்ணிக் காட்டியது.

தெருவுக்கான சண்டை

டிஜிட்டல் சந்தை என்கிறார்கள். நமக்குச் சாதாரணச் சந்தையே எப்போது திறந்தது? 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை நினைத்துப் பாருங்கள். பொதுத் தெரு, பாதை, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் தடையின்றிச் செல்லலாம் என்று அரசு ஆணை போட வேண்டியிருந்தது. தெருவில் நடக்கவே அரசாணை தேவைப்பட்ட மக்கள், அந்தத் தெருவில் கடை போடுவது எப்படி? 1927 மார்ச் 20-ல் மகாடு குளத்தில் பாபாசாகேப் தண்ணீர் அள்ளினார். அரசியலமைப்பின் 15(2) பிரிவில் 'கடைகள்' என்ற சொல் தனியாக எழுதப்பட்டிருப்பதற்கும் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்ததற்கும் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

பழைய காசுப் பழக்கத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். கடைக்காரர் கையில் காசைக் கொடுக்கக் கூடாது. திண்ணையில் வைக்க வேண்டும். அவர் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார். சரக்கை எட்ட நின்று மடியில் வாங்க வேண்டும். இன்று க்யூஆர் வந்த பிறகு கையும் கையும் படவே வேண்டாம். இதைப் பார்த்து "தொழில்நுட்பம் தீண்டாமையை ஒழித்துவிட்டது" என்று சில நண்பர்கள் மேடையில் பேசுகிறார்கள். தொடாமல் காசு வாங்குவது சாதி இந்துக் கடைக்காரருக்கு எப்போதுமே பிடித்த ஏற்பாடுதானே! தொடும் தேவை இல்லாமல் போனதைத் தொடத் தயங்கும் மனம் இல்லாமல் போனதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனது 2023 ஜனவரி 30. ஆட்சியரும் காவல்துறையும் பாதுகாப்புக்கு நிற்க வேண்டியிருந்தது. யுபிஐ வந்து ஏழாவது ஆண்டு அது. ஊருக்குள் எல்லாருடைய கைபேசியிலும் செயலி இருந்திருக்கும். கோயில் வாசல் மட்டும் பூட்டிக் கிடந்தது.

ரூபாயைப் பற்றி எழுதியவர்

பாபாசாகேப் அரசியலமைப்பை எழுதினார் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். அவர் பணத்தைப் பற்றி எழுதியவர் என்பதை மாணவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு அவர் அளித்த ஆய்வேடு 1923-ல் 'ரூபாயின் சிக்கல்' என்ற நூலாக வந்தது. பின்னர் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். அவருடைய கேள்வி எளிமையானது: ரூபாயின் மதிப்பு குறைந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? விலைவாசி ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. ஆகவே வணிக வர்க்கம் ஈட்டும் லாபம் உழைப்பவர் கையிலிருந்து போகிறது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பணக் கொள்கை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதாகத் தெரியும், ஒவ்வொரு வர்க்கத்தின் மீதும் வேறு வேறு மாதிரி விழும் என்பது அவர் நமக்குக் கற்றுத்தந்த பாடம்.

1947-ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில், அடிப்படைத் தொழில்களையும் காப்பீட்டையும் அரசே நடத்த வேண்டும் என்றார். ஏழைகளின் பணம் தனியார் கையில் சிக்கக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு 2016-க்கு வருவோம்.

ஒரே ஆண்டில் நான்கு அறிவிப்புகள்

2016 ஏப்ரல் 5: 'ஸ்டாண்ட் அப் இந்தியா'. ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் புதிய தொழில் தொடங்க 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும்.

அதே ஏப்ரலில் யுபிஐ அறிமுகம். ஆகஸ்டில் வங்கிகளின் செயலிகளில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

நவம்பர் 8 இரவு: 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் காகிதமானது. பின்னால் ரிசர்வ் வங்கி எண்ணிப் பார்த்தபோது 99.3 விழுக்காடு நோட்டுகள் வங்கிக்கே திரும்பி வந்திருந்தன. கறுப்புப் பணம் பிடிபடவில்லை. பிடிபட்டது தினக்கூலியும் தரைக்கடையும்தான். அந்த ஆண்டு கார்த்திகை தீபம் நோட்டு ஒழிப்புக்கு ஐந்தே வாரம் கழித்து வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த வியாபாரத்தை நம்பிச் சரக்கு எடுத்தவர்கள் சில்லறை இல்லாமல் உட்கார்ந்திருந்ததை ஊரில் இன்றும் சொல்வார்கள்.

டிசம்பர் 30: பணம் அனுப்பும் 'பீம்' செயலி வெளியானது. அண்ணல் அம்பேத்கரின் பெயரால் வைக்கப்பட்டது என்று பிரதமரே அறிவித்தார்.

அதோடு ஒரு குலுக்கல் திட்டமும் நடந்தது. டிஜிட்டலில் பணம் செலுத்தும் வாடிக்கையாளருக்கும் வாங்கும் வணிகருக்கும் பரிசு. கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி, பெரிய குலுக்கலுக்கு நாள் குறித்தது 2017 ஏப்ரல் 14. இடம் நாகபுரி. பாபாசாகேப் பௌத்தம் தழுவிய மண்ணில், அவர் பிறந்த நாளில், அவர் பெயர் கொண்ட செயலிக்கான பரிசளிப்பு. வணிகர்களுக்கான முதல் பரிசு 50 லட்சம் ரூபாய். அது தாம்பரத்தில் உள்ள ஒரு பெரிய நகைக்கடைக்குப் போனது. அவர்கள் அதைக் கங்கையைத் தூய்மைப்படுத்தும் திட்டத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. குலுக்கலில் யாருக்கும் விழலாம், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிறுவணிகரைக் கைதூக்கி விடும் கொள்கையை லாட்டரியாக வடிவமைத்தது யார் என்று கேட்கலாம். உரிமையாக வர வேண்டியது அதிர்ஷ்டமாக வந்தது.

பீம் செயலியே என்ன ஆனது? இன்று யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இரண்டே தனியார் செயலிகளின் வழியாக நடக்கிறது. ஒன்று வால்மார்ட்டின் கையில், மற்றொன்று கூகுளின் கையில். எந்தச் செயலிக்கும் 30 விழுக்காட்டுக்கு மேல் பங்கு கூடாது என்று 2020-ல் வகுத்த விதியை அமல்படுத்தும் கெடு, 2026 இறுதி வரை தள்ளிப்போடப்பட்டது. பொதுவில் கட்டிய சாலையில் சுங்கச்சாவடியைத் தனியாரிடம் விட்ட கதை. அண்ணலின் பெயர் விளம்பரத்தில் இருந்தது. அவருடைய பொருளாதாரம் கொள்கையில் இல்லை.

வங்கிக் கிளைக்கு ஒருவர்

அதே 2016-ல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியாவின் கணக்கைப் பார்ப்போம். தொடங்கும்போது சொன்னது: நாட்டில் 1.25 லட்சம் வங்கிக் கிளைகள், ஆகவே நம் மக்களில் குறைந்தது 1.25 லட்சம் பேர் தொழில்முனைவோர் ஆவார்கள். 2025 மார்ச் நிலவரப்படி, ஒன்றிய அரசே வெளியிட்ட எண்: பட்டியல் சாதிக் கணக்குகள் 46,248. பழங்குடிக் கணக்குகள் 15,228. கூட்டினால் 61,476. கிளைக்கு ஒருவர் என்ற குறைந்தபட்சத்தில் பாதிகூட எட்டவில்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

யுபிஐ அதே ஒன்பது ஆண்டுகளில் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தது. அரசுக்கு வேகமாகச் செய்யத் தெரியாமல் இல்லை. க்யூஆர் அட்டை ஒட்ட மேலாளரின் கையெழுத்து தேவையில்லை. கடனுக்குத் தேவை. அந்த மேசைக்கு முன்னால்தான் ஊர் எது, தெரு எது, அப்பா பெயர் என்ன, ஈடு என்ன என்ற கேள்விகள் வருகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி செங்கம் சாலையில் பிரிண்டிங் கடை வைக்கத் திட்ட அறிக்கையோடு ஒரு வங்கிக்கு ஆறு முறை போனான். ஆறாவது முறை, "உங்களுக்குத்தான் தாட்கோ இருக்கிறதே" என்று அனுப்பிவிட்டார்கள். சட்டம் தந்த கதவைக் காட்டினால் பக்கத்துக் கதவைக் காட்டுவது பழைய வழக்கம்.

ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தனிநபர் உரிமை நிறுவனங்களில் பட்டியல் சாதியினர் வைத்திருப்பது சுமார் 11.4 விழுக்காடு. மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர். கோயிலைச் சுற்றிய நான்கு மாட வீதிகளில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று நடந்து எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது ஒரு கை விரல்கள் மிச்சமிருந்தன.

கிரிவலம் நின்ற இரண்டு ஆண்டுகள்

2020 மார்ச்சில் ஊரடங்கு. கிரிவலத்துக்குத் தடை. அது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீடித்து 2022 மார்ச்சில் நீங்கியது. மாதம் ஒரு பௌர்ணமியை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பௌர்ணமிகள் போயின. கோயிலுக்கு வருமானம் போனதைப் பற்றி எழுதினார்கள். பாதையோரத்து வருமானம் போனதற்குக் கணக்கே இல்லை.

அந்தச் சமயத்தில், 2020 ஜூன் 1 அன்று வந்ததுதான் 'பிஎம் ஸ்வநிதி' என்னும் தெருவோர வணிகர் கடன் திட்டம். முதலில் 10,000, திருப்பிக் கட்டினால் 20,000, பிறகு 50,000. ஈடு தேவையில்லை. 7 விழுக்காடு வட்டி மானியம். இதை நான் வெறுமனே பழிக்க மாட்டேன். தள்ளுவண்டிக்காரரை வங்கி உள்ளே கூப்பிட்டது இந்தத் திட்டத்தில்தான். பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2023-ல் சொன்னபடி, கடன் பெற்றவர்களில் 44 விழுக்காடு பிற்படுத்தப்பட்டோர், 22 விழுக்காடு பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். தெருவில் யார் இருக்கிறார்கள் என்பதை இந்த எண் சொல்கிறது.

ஆனால் திட்டத்தின் டிஜிட்டல் பகுதியைப் பிரித்துப் பாருங்கள். டிஜிட்டலில் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை கேஷ்பேக். அதற்கு மாதம் 200 பரிவர்த்தனை நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் குறைந்தது 25 ரூபாய் இருக்க வேண்டியிருந்தது. நம் அக்கா விற்கும் கற்பூரம் 10 ரூபாய். அவருடைய வியாபாரத்தில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. விதியை எழுதியவர் பாதையோரத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பேசும் பெட்டிக்கு மாத வாடகை வேறு.

2025 ஜூலை இறுதி வரை அரசு தந்த மொத்தக் கணக்கு: 68 லட்சம் பேருக்கு 96 லட்சம் கடன்கள், 13,797 கோடி ரூபாய். டிஜிட்டலில் இயங்கியவர்கள் சுமார் 47 லட்சம் பேர். அவர்களுக்குத் தந்த கேஷ்பேக் 241 கோடி. இரண்டு கணக்குப் போடுங்கள். கேஷ்பேக் ஆளுக்கு ஏறத்தாழ 513 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து. 96 லட்சத்திலிருந்து 68 லட்சத்தைக் கழித்தால் 28 லட்சம். இரண்டாம், மூன்றாம் கடன்கள் அவ்வளவுதான். அதாவது குறைந்தது 40 லட்சம் பேர் முதல் கடனைத் தாண்டவில்லை. சிலர் கட்ட முடியாமல் நின்றார்கள், சிலர் வேண்டாம் என்று விட்டார்கள், சிலர் மறுபடி வங்கிக்கு அலைய நேரமில்லாமல் தண்டலுக்கே திரும்பினார்கள். 2025 ஆகஸ்டில் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் கடனை 15,000, இரண்டாவதை 25,000 ஆக்கினார்கள். கேஷ்பேக்கும் 1,600 வரை ஏறியது. நல்லது. உட்கார இடம் இல்லாதவர் அதை வைத்து எங்கே கடை போடுவார்?

மறந்துபோன சட்டம்

இடத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2014-ன் தெருவோர வணிகர் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. அது முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் நகர விற்பனைக் குழு. அதில் 40 விழுக்காடு உறுப்பினர்கள் தெருவோர வணிகர்களே தேர்ந்தெடுத்த தெருவோர வணிகர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாடு இதற்கான விதிகளை 2015-ல் வெளியிட்டது.

காலவரிசையைக் கவனியுங்கள். இடத்துக்கான சட்டம் 2014-ல் வந்தது. காசு வாங்கும் செயலி 2016-ல் வந்தது. பின்னால் வந்தது முன்னால் ஓடிவிட்டது. க்யூஆர் அட்டை இல்லாத தள்ளுவண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விற்பனைச் சான்றிதழ் உள்ள தள்ளுவண்டியையும் அப்படித்தான் தேட வேண்டும். தீபத்துக்கு முன்பும் முக்கியப் புள்ளிகள் வரும்போதும் ஆக்கிரமிப்பு என்று சொல்லித் தூக்கும் வண்டியில் க்யூஆர் அட்டையும் சேர்ந்தே போகிறது. எங்கள் ஊரில் 2023-ல் ராஜகோபுரம் எதிரே அறநிலையத்துறை கடைகள் கட்டும் பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனது. கோபுரத்தின் அழகு, பக்தர்களின் பாதை, பழமை எல்லாம் விவாதமாயின. அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து பூ விற்றவர்கள் எங்கே போவார்கள் என்பது பெரிய விவாதமாகவில்லை. 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. மாநகராட்சி ஆனால் சாலை அகலமாகும், நடைபாதை அழகாகும். அந்த அழகில் நம் தார்ப்பாய்க்கு இடம் குறித்திருக்கிறார்களா என்பதே இப்போது கேட்க வேண்டியது.

பதிவு யாருடையது?

டிஜிட்டலால் நமக்கு எந்தப் பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய பயன் ஒன்று இருக்கிறது. அதை நாம் இன்னும் கையில் எடுக்கவில்லை.

நிலம் இல்லாத, கட்டடம் இல்லாத, ஈடு இல்லாத நம் வணிகருக்கு முதல்முறையாக ஓர் ஆவணம் கிடைத்திருக்கிறது. இத்தனை வருடம் வியாபாரம் செய்தேன், மாதம் இவ்வளவு வந்தது என்பதற்கான பதிவு. நம் தாத்தாவிடம் அது இல்லை. அந்தப் பதிவை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?

முதலாவது, தனியார் செயலிகள். அட்டை கொடுத்த நிறுவனங்களே அந்தப் பதிவைப் பார்த்துக் கடன் தருகின்றன. தினமும் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்கின்றன. காலையில் வந்து நிற்கும் தண்டல்காரர் இப்போது போனுக்குள் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

இரண்டாவது, வரித்துறை. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததைப் பார்த்தோம். யுபிஐ வரவு 40 லட்சத்தைத் தாண்டியது என்று காய்கறிக்காரர், பேக்கரிக்காரர் எல்லாருக்கும் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்சம் கட்டச் சொன்னார்கள், காய்கறிக்கு வரியே இல்லாதபோது. பெங்களூருவில் பல கடைகள் அட்டையைக் கழற்றிவிட்டு 'காசு மட்டும்' என்று எழுதி வைத்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பழைய பாக்கி கேட்க மாட்டோம் என்று மாநில அரசு இறங்கி வந்தது. வரி கட்ட வேண்டியவர் கட்டட்டும். ஆனால் அதே பதிவைக் காட்டி அந்த வியாபாரி வங்கியில் கடன் கேட்டால் "இது போதாது" என்கிறார்கள்.

மூன்றாவதாக வர வேண்டியது நாம். டிஜிட்டல் தடயங்களை வைத்துச் சிறுதொழிலுக்குக் கடன் மதிப்பீடு செய்யும் முறையைப் பொதுத்துறை வங்கிகள் உருவாக்கும் என்று 2024 ஜூலை ஒன்றிய பட்ஜெட் அறிவித்தது. அது தரைக்கடை வரை வர வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

மாநில அரசிடம் கேட்கவும் இருக்கிறது. 1974-ல் தொடங்கிய தாட்கோ இருக்கிறது. 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம் தருகிறது. மானியம் 1.5 கோடி வரை போகிறது. தொழிற்சாலை வைக்கும் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய துணை, வரவேற்கிறேன். ஆனால் 10,000 ரூபாய்க் கடைக்கும் அந்தத் தொழிற்சாலைக்கும் நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு லட்சம் ரூபாய் கடைக்காரர்தான் தண்டலில் கிடக்கிறார். 2024-ல் இயற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் கீழ் அந்த இடைவெளிக்கு நிதி கேட்பது நம் வேலை.

நாம் செய்யக்கூடியவை

இதைப் படிக்கும் மாணவத் தோழர்களுக்கு நான்கு வேலைகள் சொல்கிறேன். ஒரு மாதத்தில் தொடங்கலாம்.

உங்கள் ஊர் நகர விற்பனைக் குழுவில் யார் யார் உறுப்பினர்கள், கடைசிக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, பட்டியல் சாதிப் பெண் வணிகர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலை ஊரறியப் படியுங்கள்.

உத்யம் பதிவு இலவசம். அதற்குத் தரகர் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். பான், ஜிஎஸ்டி இல்லாத மிகச் சிறிய கடைகளுக்கு 2023-ல் வந்த உத்யம் அசிஸ்ட் வழி இருக்கிறது. பதிவில் சமூகப் பிரிவு கேட்கும் இடத்தை வெட்கப்பட்டு மாற்றிப் போடாதீர்கள். அரசுத் துறைகள் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற ஒதுக்கீடு 2012 முதல் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் நாம் அந்தக் கணக்கில் வருவோம்.

ஆன்லைனில் விற்க நினைப்பவர்களுக்கு: விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்ற பழைய கட்டாயம், மாநிலத்துக்குள் சரக்கு விற்கும் சிறு வணிகர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தப்பட்டிருக்கிறது. பலருக்கு இது தெரியாது. சொல்லுங்கள்.

கடைசியானது எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் தெருவில் அம்மாவோ அக்காவோ நடத்தும் கடையின் க்யூஆர் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கணவர் பெயரில், மகன் பெயரில் இருந்தால், உழைப்பு ஒருவருடையது, பதிவு இன்னொருவருடையது. நாளை கடனும் சான்றும் கேட்கப் போகும்போது அந்தப் பெண் வணிகரே அல்ல என்று காகிதம் சொல்லும். சாதி நம்மைக் காகிதத்தில் இல்லாமல் ஆக்கியது போதும். நம் வீட்டுக்குள் நாமே அதைச் செய்ய வேண்டாம்.

அந்தக் கற்பூர அக்காவுக்கு அவர் பெயரிலேயே கணக்கும் அட்டையும் மாற்றும் வேலையில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் இறங்கியிருக்கிறார்கள். ஆதாரில் உள்ள எண் பழையது, அதை மாற்ற வேண்டும். ஒரு நாள் வியாபாரத்தை விட்டு வரிசையில் நின்றார், முடியவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறார்கள். மாநகராட்சியில் அவர் உட்காரும் இடத்துக்கான சான்றிதழுக்கும் மனு எழுதியாகிவிட்டது. மனுவில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டோம். "வியாபாரின்னு எழுதுப்பா" என்றார்.

ஜெய்பீம்.